சொலஸ்டால்ஜியா: ‘தாயக ஏக்கம்’ பொருந்துமா?

அன்புள்ள ஐயா,

வாழும் ஊர் கண்முன்னே சிதைவதைப் பார்த்து வரும் துயரைக் குறிக்கும் ‘சொலஸ்டால்ஜியா’ (solastalgia) என்ற சொல்லுக்குத் தமிழ் தேடுகையில் நீங்கள் எழுதியது:

> ‘தாயக ஏக்கம்’ போதும். எளிமையாக இருக்கிறது.

எளிமைதான், மறுக்கவில்லை. ஆனால் அது நாஸ்டால்ஜியாவுக்கு அல்லவா போகும்? 1688இல் யோஹான்னஸ் ஹோஃபர் அந்தச் சொல்லை உண்டாக்கியது வீட்டைப் பிரிந்து அயலூரில் வாடியவர்களுக்காக. ஊர் திரும்பினால் வாட்டம் தீரும். சொலஸ்டால்ஜியாவில் கதை தலைகீழ். ஆள் அதே வீட்டில்தான் இருக்கிறார், ஊர்தான் அவரைவிட்டுப் போய்விட்டது.

ஆஸ்திரேலிய மெய்யியலாளர் கிளென் ஆல்பிரெக்ட் 2000களின் தொடக்கத்தில் இச்சொல்லைக் கட்டியது நியூ சவுத் வேல்ஸின் மேல் ஹன்டர் பள்ளத்தாக்கு மக்களின் நிலையைப் பார்த்து. பண்ணைகளைச் சுற்றித் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்கள், தூசி, வெடிச்சத்தம், போதாததற்கு வறட்சி. ஆறுதல் தந்த இடமே வலி தருகிறது என்பதுதான் சொல்லின் உள்ளீடு. அதற்காக ‘ஆறுதலிழப்பு வலி’ என்று வேர் பிரித்துப் பெயர்த்தால் துக்கம் விசாரிக்கப் போனதுபோல் ஆகிவிடுகிறது.

என் பரிந்துரை ‘திணைதிரிதுயர்’. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் முல்லையும் குறிஞ்சியும் ‘முறைமையின் திரிந்து’ பாலையாகும் இடத்தில் ‘நடுங்குதுயர் உறுத்து’ என்று வருகிறது. நிலம் திரிவதும் துயரும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்போது வேறெங்கே தேடுவது? திணை என்றால் அகப்பொருள், அதைச் சுரங்கத்துக்கு இழுக்கலாமா என்று இலக்கணக்காரர்கள் சண்டைக்கு வரலாம். வரட்டும். ‘திணைத்துயர்’ என்று சுருக்கினால் நாக்குக்குச் சுகம், ஆனால் திரிபு விழுந்துவிடும்.

‘துயர்’ இருக்கும் இடத்தில் ‘நோய்’ வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. பழைய இலக்கியத்தில் நோய் என்றால் துன்பமும்தான். இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் மருந்துச்சீட்டு நினைவுக்கு வரும். கண்முன்னே நிலம் அழியும்போது வருந்துவது கோளாறு அல்லவே.

அப்புறம், இதைச் ‘சூழல் பதற்ற’த்தோடு (eco-anxiety) கலக்க வேண்டாம். அது வரப்போவதை எண்ணி வருவது, இது வந்துவிட்டதைப் பார்த்து. உளவியலாளர் எதிரே இருப்பவரிடம் முதலில் பிரித்தறிய வேண்டியதே இதைத்தான்.

ஓர் இடத்தில் மட்டும் தோற்றுவிட்டேன். ஹன்டர் பள்ளத்தாக்கு மக்களை ஆய்ந்த குழு 2006இல் சுற்றுச்சூழல் துயரை அளக்க வினாப்பட்டியல் ஒன்று வெளியிட்டது. அதுபோன்ற பட்டியலைத் தமிழில் ஆக்கி, ‘உங்களுக்குத் திணைதிரிதுயர் உண்டா?’ என்று கேட்டால் விழிப்பார்கள். அங்கே ‘ஊர் இப்படி ஆகிவிட்டதே என்று மனசு கஷ்டப்படுகிறதா?’ என்றுதான் கேட்க வேண்டும். சரி, கட்டுரைக்கு ஒரு சொல், களத்துக்கு ஒரு வாக்கியம் என்று வைத்துக்கொள்ளலாமா ஐயா?