1820 நியூயார்க் நாடகக் கொட்டகையை மேடையில் காட்ட யோசனை வேண்டும்

ஒத்தக்கடை:
கல்லூரி விழாவுக்கு 40 நிமிட நாடகம். 1820-ல் நியூயார்க் பார்க் தியேட்டர். அங்கே நாடகம் பார்க்க வந்த கூட்டம்தான் கதை. அரங்கை இருட்டாக்கி மேடைக்கு மட்டும் ஸ்பாட், கொஞ்சம் நிஜ மெழுகுவர்த்தி என்று திட்டம். சரியா? உட்காரும் முறை, நிகழ்ச்சி வரிசையும் சொல்லுங்கள்.

செல்லூர்:
முதலில் தேதி. பார்க் தியேட்டர் 1820 மே மாதம் எரிந்துபோய், மறுபடி திறந்தது 1821 செப்டம்பரில். கதையை மே மாதத்துக்கு முன்னால் வையுங்கள்.

ஸ்பாட் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புக் கட்டியைச் சூடாக்கி ஒளிரவைக்கும் லைம்லைட்கூட அப்போது மேடைக்கு வரவில்லை. நாடகம் ஓடும்போதும் ஆட்கள் இருக்கும் பக்கம் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். யார் வந்தார்கள், யாரோடு வந்தார்கள் என்று பார்ப்பதே பாதி வேடிக்கை. அரங்க விளக்கை 40 சதவீதத்தில் விடுங்கள். மேடை விளிம்பில் தகரத் தடுப்பு வைத்து, அதற்குப் பின்னால் மெழுகுவர்த்தி மாதிரி மஞ்சள் வெளிச்சம் தரும் 2200 கெல்வின் எல்.இ.டி. ஸ்ட்ரிப். வெளிச்சம் கீழிருந்து வருவதால் மூக்கு நிழல் மேலே ஏறும். அதே விளக்கில் பார்த்துத்தான் மேக்கப் போட வேண்டும்.

திருநகர்:
நம்மூரில் முன்னால் தரை டிக்கெட் மலிவு. அங்கே மலிவு உச்சியில், கேலரியில். கறுப்பின மக்களுக்கும் அங்கேதான் இடம். தரையில் பிட்: சாய்மானம் இல்லாத பெஞ்சு, பெரும்பாலும் ஆண்கள். சுற்றிலும் அடுக்கடுக்காகப் பாக்ஸ், அதாவது தடுத்த தனி இருக்கைப் பகுதிகள், ஒரு டாலர். கேலரியிலிருந்து ஆப்பிளும் கடலையும் பிட்காரர்கள் தலையில் விழுவதாக எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் 1802-லேயே எழுதியிருக்கிறார். உங்கள் அரங்கில் நிஜ பால்கனி இருந்தால் அதையே கேலரியாக்குங்கள், சாரம் கட்டும் செலவு மிச்சம்.

முதலில் வாத்தியம், பிறகு ஐந்து அங்கப் பெரிய நாடகம், நடுவில் பாட்டு, ஆட்டம், கடைசியில் சிரிப்பு நாடகம். ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் முதலில் வருகிற மாதிரி இங்கே வைத்துவிடாதீர்கள்.

அனுப்பானடி:
நிஜ நெருப்பு கூடவே கூடாது. அமெரிக்காவின் ரிச்மண்ட் நகர நாடகக் கொட்டகையில் 1811 டிசம்பர் 26 அன்று, மெழுகுவர்த்தி அணையாத சரவிளக்கை மேலே தூக்கியதில் தொங்கிய படுதா பற்றிக்கொண்டது. 72 பேர் போனார்கள், மாநில கவர்னர் உட்பட. பிட்காரர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். பாக்ஸ்காரர்கள் குறுகலான படிக்கட்டில் நெரிந்தார்கள்.

மெழுகுவர்த்தி உணர்வுக்கு வேறு வழி உண்டு. கொழுப்பு மெழுகுவர்த்தியில் திரி கருகி நீண்டால் வெளிச்சம் மங்கும், புகை கிளம்பும். அதனால் காட்சி நடுவிலேயே ஒருவன் வந்து திரியைக் கத்தரித்துவிட்டுப் போவான். கத்தரிக்கோல் மாதிரிதான், ஒரு அலகின் மேல் சின்னத் தகரப் பெட்டி. வெட்டின கரி அதற்குள் விழும். சாதாரணக் கத்தரிக்கோலில் தீப்பெட்டித் தட்டை ஒட்டி, கறுப்பு பெயிண்ட் அடித்தால் போதும். எல்.இ.டி. மெழுகுவர்த்தியில் அந்தப் பையன் கை வைத்ததும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரை ஒரு புள்ளி ஏற்றச் சொல்லுங்கள்.