பூண்டுச் செடியில் தொடங்கியது, என் லத்தீன் அனுபவம்

முதன்முதலில் ஒரு லத்தீன் சொல் எங்கே உங்களைத் தடுத்து நிறுத்தியது என்று கேட்டிருந்தீர்கள், எனக்கு அது ஒரு காய்ந்த பூண்டுச் செடி.

தாவரவியல் முதலாண்டு. ஹெர்பேரியம் (உலர்ந்த செடிகளின் சேகரிப்பு) தாளில் செடியை ஒட்டி, கீழே ‘அல்லியம் சட்டைவா’ என்று எழுதிக் கொடுத்தேன். நெல்லுக்கு ஒரைசா சட்டைவா என்று பள்ளியிலேயே மனப்பாடம் ஆகியிருந்ததால் கை அப்படியே ஓடிவிட்டது. மேடம் அந்தக் கடைசி எழுத்தை மட்டும் சிவப்பு மையில் வட்டமிட்டார். “பட்டாணி என்ன? பைசம் சட்டைவம். குங்குமப்பூ? குரோகஸ் சட்டைவஸ். முன்னாடி நிக்கிற பேரைப் பாரும்மா.”

இந்த ‘சட்டைவா’ ஒரு பெயரடை என்பதே அன்றுதான் தெரிந்தது. முன்னால் நிற்கும் பேரினப் பெயர் ஆண்பால் என்றால் சட்டைவஸ், பெண்பால் என்றால் சட்டைவா, இரண்டும் இல்லையென்றால் சட்டைவம்; அதனால் பூண்டு அல்லியம் சட்டைவம். பழைய லத்தீன் உச்சரிப்பில் சதீவுஸ், சதீவா, சதீவும். வேற்றுமைக்கும் மாறும்: ஆறாம் வேற்றுமையில் பெண்பாலுக்கு சதீவை, மற்ற இரண்டுக்கும் சதீவி. நமக்கு நல்ல பையன், நல்ல பெண், நல்ல மரம் எல்லாவற்றுக்கும் ஒரே ‘நல்ல’தான், ஆனால் நல்லன், நல்லள், நல்லது என்று பழந்தமிழில் சொல்லிப் பாருங்கள், அவ்வளவு அந்நியமாக இருக்காது.

பொருள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ‘செரெரே’ என்றால் விதைப்பது, ‘சதுஸ்’ என்றால் விதைக்கப்பட்ட, அதோடு ‘ஈவுஸ்’ விகுதி சேர்ந்தால் சதீவுஸ்: தானாக முளைக்காமல் மனிதர் விதைத்து வளர்த்தது. நெல், பூண்டு, முள்ளங்கி, வெள்ளரி, கொத்தமல்லி ஐந்துக்கும் தாவரங்களுக்கு இருசொல் பெயர் வைத்த லின்னேயஸ் 1753இல் இந்த ஒரே சொல்லைத்தான் கொடுத்தார், அதாவது நம் காய்கறிப் பை பாதி இதிலேயே நிறைந்துவிடும். விதைக்கு லத்தீனில் செமென், அதுவும் இதே வேர்தான். அதிலிருந்து வந்த ‘செமினாரியும்’ என்ற லத்தீன் சொல்லுக்கு நாற்றங்கால் என்று பொருள், நாம் கல்லூரியில் கொடுக்கிற செமினார் அங்கிருந்து வந்தது!

சரி, ‘அஸ்’ என்று முடிந்தால் ஆண்பால் என்று பிடித்துக்கொண்டால் போதும் என நினைத்தேன். அடுத்த வாரமே அரசமரம் வந்தது: ஃபைகஸ் ரிலிஜியோசா. அப்புறம் புளியமரம், டாமரிண்டஸ் இண்டிகா. மரப் பெயர்கள் லத்தீனில் பெரும்பாலும் பெண்பால், ‘அஸ்’ என்று முடிந்தாலும்தான். இந்த முறை வட்டம் விழவில்லை, எழுதும் முன்பே மேடத்திடம் ஓடிப்போய்க் கேட்டுவிட்டேன்.