கார்த்திக்கு மட்டும் கதைய சொல்லிடாதீங்க

திவ்யா: மூன்ஸ்டோன் நாவல் முடிச்சாச்சு!! சித்தி, காதல் கதைன்னு சொல்லித்தானே குடுத்தீங்க, எனக்கு அந்த ரேச்சல் மேல கோவம் கோவமா வருது

ரேவதி சித்தி: ஏன்டி, அவ என்ன பண்ணா

திவ்யா: பின்ன என்ன சித்தி, வைரத்த எடுத்தது யாருன்னு அவ கண்ணாலயே பாத்துருக்கா, வீட்டுக்குள்ள போலீஸ் வந்து அத்தன பேரையும் கொடையுறாங்க, பாவம் அந்த வேலக்காரப் பொண்ணு ரோசன்னா மேல சந்தேகம், இவ ரூம் கதவ சாத்திக்கிட்டு வாயே தொறக்க மாட்டேங்குறா

கார்த்தி: ஏய் நான் இன்னும் பாதிலதான் இருக்கேன் 😡

ரேவதி சித்தி: நீ பொங்கல்லேர்ந்து பாதிலதான்டா இருக்க

மாமா: என்ன கதை அது

திவ்யா: வில்கி காலின்ஸ் எழுதுனது மாமா, 1868ல வாராவாரம் தொடரா வந்துச்சு. 1799ல ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தப்ப ஒரு இங்கிலீஷ் ஆபீசர் கொலை பண்ணிட்டு சந்திரன் சிலையோட வைரத்த அடிச்சுட்டு போயிடுறான், உயில்ல அத கூடப்பொறந்தவ பொண்ணு ரேச்சலுக்கு எழுதி வைக்கிறான், 18வது பர்த்டேக்கு கைக்கு வருது, அன்னிக்கு ராத்திரியே காணோம்

மாமா: திருடுனது வெள்ளக்காரன்னு மொத பக்கத்துலயே தெரிஞ்சு போச்சே, அதுக்கு மேல என்ன மர்மம்

கார்த்தி: 😂😂 ஆனா மாமா அந்த வீட்டுல எல்லாரும் மொதல்ல சந்தேகப்படுறது வைரத்த தேடி வந்த மூணு இந்தியாக்காரங்களத்தான்

ரேவதி சித்தி: திவ்யா, அவ பாத்தது யார? உசிரா நெனச்சவன. சொன்னா அவன் ஜெயிலுக்கு, சொல்லலன்னா இவளே திருடின்னு துப்பறிய வந்த அந்த போலீஸ் சார்ஜென்ட் கஃப் நெனைக்கிறாரு. அவன் மேல வெறுப்பு வேற, விடவும் முடியல. ரோசன்னாவ பாரு, ரேச்சல் ரூம் கதவு பெயின்ட் ஒட்டுன அவனோட நைட்கவுன் இவ கையில கெடைக்குது, போலீஸ்கிட்ட குடுக்காம தகரப்பெட்டில போட்டு புதைமணல்ல எறக்கிடுறா. சாட்சிய ஒருத்தி மறைக்கிறா தடயத்த இன்னொருத்தி மறைக்கிறா, ரெண்டு பேரும் ஒரே ஆளுக்காக. இதுல காதல எடுத்துட்டா கேஸ் மறுநாளே முடிஞ்சிருக்கும்டி

கார்த்தி: சித்தி. ரோசன்னாவுக்கு யார் மேல ஆசைன்னு எனக்கு ஏற்கனவே தெரியும். அப்ப அவனா???

ரேவதி சித்தி: ஐயோ

திவ்யா: நீ படி கார்த்தி, அதுக்கு மேலயும் ஒண்ணு இருக்கு

மாமா: போலீஸ் அந்தப் பொண்ணு ரூம சோதனை போட வேண்டியதுதானே

கார்த்தி: அங்கதான் மாமா விஷயமே. கதவுல அடிச்ச பெயின்ட் காயுறதுக்குள்ள யார் துணியோ உரசிருக்கு, அந்தத் துணி யாரோடதுன்னு பாக்க கஃப் வீட்டு சலவைக்கணக்கு நோட்ட கேக்குறாரு, எல்லாரும் அலமாரிய தொறந்து காட்ட ரெடி, ரேச்சல் மட்டும் முடியாதுங்குறா. அவரால கட்டாயப்படுத்த முடியல, பெரிய வீட்டு பொண்ணாச்சே. இது அப்படியே 1860ல இங்கிலாந்துல நெசமாவே நடந்த ரோட் ஹில் வீட்டுக் கொலை கேஸ். நாலு வயசு கூட ஆகாத பையன், சந்தேகம் 16 வயசு அக்கா கான்ஸ்டன்ஸ் கென்ட் மேல, விச்சர்னு ஸ்காட்லாந்து யார்டு டிடெக்டிவ் அவளோட நைட்ட்ரஸ் ஒண்ணு கொறையுதுன்னு புடிச்சாரு, கௌரவமான குடும்பத்து பொண்ணு மேல பழி போடுறானேன்னு பேப்பர்காரங்க அவர கிழிச்சுட்டாங்க. 1865ல அவளே வந்து நான்தான்னு ஒத்துக்கிட்டா, அதுக்குள்ள அவரு வேலைய விட்டே போயிட்டாரு

மாமா: அடப்பாவமே

திவ்யா: சரி சித்தி, ரேச்சல மன்னிச்சுட்டேன். ரோசன்னா கதைதான் தாங்கல. அவ லெட்டர படிச்சுட்டு அந்த ஆளு நெளியுறான் பாருங்க, இப்படி ஒருத்தி வீட்டுல இருந்ததயே அவன் சரியா கவனிக்கல

ரேவதி சித்தி: வேலக்காரிய யாரு நிமிந்து பாத்தா அந்தக் காலத்துல

பெரியம்மா: காலைலேர்ந்து பாக்குறேன், யாரு இந்த ரேச்சல், திவ்யா ஆபீஸ் பொண்ணா? அவளுக்கு கல்யாணம் ஆயிடுச்சா இல்லையா

திவ்யா: ஆயிடுச்சு பெரியம்மா, அவனோடதான்

கார்த்தி: அதையும் சொல்லிட்டீங்களா