ஆண்டுக்கு 42,000 கிலோமீட்டர் ஓட்டப் பழைய ஹாட் ஹேட்ச் வாங்கலாமா?

மாரிட்ஸ்பர்க் பயணி எழுதியது:

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சேட்ஸ்வொர்த்தில் குடியிருக்கிறேன், வேலை பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில். போக எண்பது, வர எண்பது என்று நாளொன்றுக்கு 160 கிலோமீட்டர் ஆகிறது. வார இறுதியில் குடும்பத்தோடு போய்வருவதையும் சேர்த்தால் ஆண்டுக்கு 42,000 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். இப்போது வைத்திருக்கும் 1.4 லிட்டர் செடான் 3,10,000 கிலோமீட்டர் ஓடி, இனிமேல் செலவு செய்வதில் பொருளில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டது.

அடுத்ததும் அப்படியொரு சாதாரணக் காராக இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் வீட்டில் சொல்கிறார்கள். ஆனால் நாள்தோறும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நான் உட்கார்ந்திருக்கப்போகும் இடம் அது. விடியற்காலை ஐந்தரை மணிக்கு என்3 நெடுஞ்சாலையில் கீ ரிட்ஜ் ஏற்றத்தில் லாரிகளைக் கடக்கும்போது கால் வைத்ததும் இழுக்கிற கார் வேண்டும் என்பது ஆடம்பர ஆசையாக எனக்குத் தோன்றவில்லை. சிறுவயது முதலே ஹாட் ஹேட்ச், அதாவது சிறிய உடலில் வலுவான எஞ்சின் வைத்த கார் மீது எனக்குப் பெரிய பிரியம் உண்டு. இந்த முறையாவது அதை நிறைவேற்றிக்கொள்ள விரும்புகிறேன்.

என் கையிருப்பு 2,80,000 ரேண்ட். பார்த்து வைத்திருப்பவை மூன்று: 2015ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 7 ஜிடிஐ, டிஎஸ்ஜி என்னும் இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸ், 1,38,000 கிலோமீட்டர் ஓடியது, 2016ஆம் ஆண்டு போலோ ஜிடிஐ 1.8, அதுவும் டிஎஸ்ஜிதான், 96,000 கிலோமீட்டர். 2019ஆம் ஆண்டு சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 1.4 டர்போ, மேனுவல், 62,000 கிலோமீட்டர். ஆறு வயது மகள் இருப்பதால் பின் இருக்கையும் பயன்பட வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டுகள் வைத்திருப்பேன். இப்படி ஓட்டுபவனுக்கு இவற்றில் எது தாங்கும்? அல்லது இந்த எண்ணத்தையே விட்டுவிட வேண்டுமா?

பைன்டவுன் பட்டறை எழுதியது:

தம்பி, எண்ணத்தை விட வேண்டியதில்லை. நெடுஞ்சாலை ஓட்டம் எஞ்சினுக்கு நல்லது. சூடேறிய எஞ்சின் ஒரே வேகத்தில் 80 கிலோமீட்டர் ஓடுவதால் வரும் தேய்மானம், ஊருக்குள் பத்து முறை குளிர்ந்த நிலையில் கிளப்பி மூன்று மூன்று கிலோமீட்டராக ஓட்டுவதைவிட மிகக் குறைவு. ஆனால் முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூன்று ஆண்டுகளில் நீங்கள் 1,26,000 கிலோமீட்டர் ஓட்டுவீர்கள். அந்த கோல்ஃப் அப்போது 2,64,000 காட்டும், போலோ 2,22,000, ஸ்விஃப்ட் 1,88,000. வாங்கும் நாளில் மீட்டரில் இருக்கும் எண்ணைவிட இந்த எண்களைக் கண்முன் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். விற்கும்போது கிடைக்கும் விலையும் இதைப் பொறுத்ததுதான்.

போலோவை முதலிலேயே ஒதுக்கிவிடுவேன். எஞ்சின் குறையுள்ளது என்பதால் அன்று. 141 கிலோவாட் தரும் அந்த 1.8 நல்ல எஞ்சின்தான். இதற்கு முந்தைய 1.4 போலோ ஜிடிஐ, டர்போவும் சூப்பர்சார்ஜரும் சேர்ந்த அந்த எஞ்சின், எண்ணெய் குடிப்பதற்குப் பெயர் போனது. அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். என் தயக்கமெல்லாம் ஏழு கியர் கொண்ட உலர் கிளட்ச் டிஎஸ்ஜி பற்றியது. என்3இல் விரிவாக்கப் பணி நடக்கும் இடங்களில் நடையாய் நடந்து நகரும் நெரிசலில், ஏற்றத்தில், பாதி பிடித்தும் பாதி விட்டும் அந்தக் கிளட்ச் வேலை செய்ய வேண்டியிருக்கும். எண்ணெயில் மூழ்கியிருக்கும் கிளட்ச் தாங்குகிற சூட்டை உலர் கிளட்ச் தாங்காது. அதன் மெக்கட்ரானிக் கட்டுப்பாட்டுப் பகுதி பழுதானால் வரும் பில் உங்கள் கையிருப்பில் பெரிய ஓட்டை போடும். 2018இல் வந்த 2.0 போலோ ஜிடிஐயில் ஆறு கியர் ஈரக் கிளட்ச் இருக்கிறது. கரியேகாவிலேயே தயாராகும் கார் என்பதால் உதிரிபாகமும் எளிது. உங்கள் விலைக்குள் அது அமைந்தால் தயங்காமல் போய்ப் பாருங்கள்.

கோல்ஃப் 7 ஜிடிஐயைப் பொறுத்தவரை, 162 கிலோவாட் தரும் மூன்றாம் தலைமுறை இஏ888 எஞ்சின் உண்மையிலேயே உழைக்கக்கூடியது. முந்தைய கோல்ஃப் 6இல் பலரையும் பயமுறுத்திய டைமிங் செயின் டென்ஷனர் சிக்கல் இதில் அந்த அளவுக்கு இல்லை. பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தண்ணீர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் ஒன்றாய் அமைந்த பிளாஸ்டிக் கூடு, எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே கியர்பாக்ஸ் பக்கமாக ஒளிந்திருக்கும். அது கசிவதற்குப் பெயர் பெற்றது. எஞ்சின் ஆறிய பிறகு, போனில் உள்ள டார்ச்சை அந்த இடுக்கில் அடித்துப் பாருங்கள். கசிந்து காய்ந்த கூலன்ட், உப்புப் பூத்ததுபோல இளஞ்சிவப்பாகக் கியர்பாக்ஸ் கூட்டின் மேல் படிந்திருக்கும். விரலால் தொட்டால் பொருக்காக உதிரும், லேசான இனிப்பு வாடையும் வரும். அது இருந்தால் காரை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. மாற்றும் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே மாற்றியிருக்கிறார்கள் என்றால் பில்லைக் கேளுங்கள்.

இந்த கோல்ஃபின் ஆறு கியர் டிஎஸ்ஜிக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். 1,38,000 ஓடிய காரில் இரண்டு முறை மாற்றியதற்கான சான்று இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லையென்றால், "நன்றாகத்தானே ஓடுகிறது" என்று விற்பவர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டாதீர்கள். அரை மணி நேரம் ஓட்டிச் சூடேற்றி, ஒரு ஏற்றத்தில் நிறுத்தி, பிரேக்கை மெல்ல விட்டுப் பாருங்கள். கார் வழுவழுப்பாக நகர வேண்டும். உதறினால் கிளட்ச் தேய்ந்திருக்கலாம், கார் நின்றபடி இருக்கும்போது கடகடவென்று ஒலித்தால் ஃப்ளைவீல்.

ஸ்விஃப்ட் ஸ்போர்ட் எடையில் ஒரு டன்னுக்கும் குறைவு, 103 கிலோவாட், 230 நியூட்டன் மீட்டர் இழுவிசை, மேனுவல் கியர்பாக்ஸ். கெடுவதற்கான பொருள்களே குறைவு. எடை குறைந்த காரில் பிரேக்கும் டயரும்கூட நிதானமாகத்தான் தேயும். என் சொந்தப் பணமாக இருந்தால் இதைத்தான் எடுப்பேன். ஆனால் பின்புறப் பொருள் வைப்பிடம் 265 லிட்டர்தான், கோல்ஃபில் 380. பெட்ரோல் தொட்டியும் 37 லிட்டர்தான் என்பதால் மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்ப வேண்டி வரும். காங்கிரீட் தளத்தில் டயர் இரைச்சலும் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். வேலை நாளில், நீங்கள் போகும் அதே சாலையில், அதே நேரத்தில் ஓட்டக் கேளுங்கள்.

எதை வாங்கினாலும் பழுதுபார்ப்புக்கென்று 40,000 ரேண்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதி 2,40,000க்குள் காரைத் தேடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

வெருலம் வாசகன் எழுதியது:

பட்டறை அண்ணன் எஞ்சினைச் சொல்லிவிட்டார். நான் டயரைச் சொல்கிறேன், ஏனென்றால் என் பணம் அதில்தான் போயிற்று. வெருலத்திலிருந்து ரிச்சர்ட்ஸ் பேக்கு என்2 வழியாக ஐந்து ஆண்டுகள் போய்வந்தேன். பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஐரோப்பிய ஹாட் ஹேட்ச்தான் என்னிடமும் இருந்தது, 18 அங்குலச் சக்கரத்தோடு. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு நம் மாகாணச் சாலைகள் இருந்த நிலை உங்களுக்குத் தெரியும். ஒரே மழைக்காலத்தில் இரண்டு டயர்கள் பக்கவாட்டில் வெடித்தன, ஒரு ரிம் முட்டை வடிவில் வளைந்தது. இருட்டில், மழையில், மகனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு சாலையோரம் ஜாக்கி போட்ட அந்த இரவை நான் மறக்கவில்லை.

கோல்ஃப் எடுத்தால் 18 அங்குல ரிமில் வரும் 225/40 ஆர்18 டயரை விட்டு, 17 அங்குல ரிமில் 225/45 ஆர்17க்கு மாறுவதைப் பற்றி யோசியுங்கள். மொத்த விட்டம் ஏறத்தாழ ஒன்றுதான், மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். ஆனால் பள்ளத்துக்கும் ரிமுக்கும் நடுவே இன்னும் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் ரப்பர் கிடைக்கும். பிரேக் காலிப்பருக்கு இடம் போதுமா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள், காப்பீட்டாளருக்கும் தெரிவித்துவிடுங்கள். என் அனுபவத்தில் முன் டயர்கள் 30,000 கிலோமீட்டருக்கு மேல் வரவில்லை. ஆகவே நீங்கள் ஓட்டும் ஓட்டத்துக்கு ஆண்டுக்கு ஒரு செட்டுக்கு மேலேயே ஆகும்.

பார்க்கப் போகும் காரில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, முன் டயரின் உள் விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். வெளியே புதிதாகத் தெரிந்து உள்ளே வழுக்கையாக இருந்தால், சஸ்பென்ஷனைத் தாழ்த்தி ஓட்டிவிட்டு விற்பதற்காகத் திரும்ப ஏற்றியிருக்கலாம். ஓட்டுநர் இருக்கையில் வலது பக்கத்து மேட்டையும் கவனியுங்கள். ஏறி இறங்கும்போது தொடை உரசுகிற இடம் அதுதான். 60,000 ஓடியதாகச் சொல்லும் காரில் அந்த இடம் நைந்து உள்ளே நுரை தெரிந்தால், மீட்டரை நம்ப வேண்டாம்.

மாரிட்ஸ்பர்க் பயணி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பெட்ரோல் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஸ்விஃப்ட் நூறு கிலோமீட்டருக்கு 6 லிட்டர், கோல்ஃப் 7.8 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 756 லிட்டர் வித்தியாசம் வருகிறது. நான் நினைத்ததைவிட அதிகம். போலோவை விட்டுவிட்டேன். வீட்டில் இந்தத் திரியைப் படித்துக் காட்டினேன். 40,000 ரேண்டைத் தனியாக வைக்கச் சொன்ன இடத்தில்தான் மனைவியின் முகம் தெளிந்தது.

ஓர் ஐயம். கோல்ஃபை விற்பவர் தனி நபர், ஸ்விஃப்ட் ஒரு விற்பனை நிலையத்தில் இருக்கிறது. சட்டப்படி இதில் வேறுபாடு உண்டா?

டர்பன் நார்த் எழுதியது:

வணக்கம். கார் கடன் தொடர்பான வேலையில் இருப்பதால் இதைச் சொல்கிறேன். வேறுபாடு பெரிது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பனை நிலையத்தில் வாங்கும் பொருள் தரமானதாகவும் பழுதற்றதாகவும் இருக்கும் என்ற உத்தரவாதம் ஆறு மாதத்துக்கு உங்களுக்கு உண்டு. வாங்கும்போது எழுத்தில் தெளிவாகக் காட்டப்பட்டு நீங்கள் ஒப்புக்கொண்ட குறைகளையும் இயல்பான தேய்மானத்தையும் அதில் சேர்க்க முடியாது. ஆகவே கையெழுத்துப் போடும் முன் குறைப் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். கார் விற்பதைத் தொழிலாகக் கொள்ளாத தனி நபர் "ஃபூட்ஸ்டூட்ஸ்" என்று எழுதி விற்றால், இருக்கிற நிலையிலேயே வாங்கியதாகப் பொருள். தெரிந்தே மறைத்தார் என்று நிரூபித்தால் ஒழிய அவரிடம் திரும்பப் போக முடியாது, நிரூபிப்பதும் எளிதன்று.

பதிவுச் சான்றிதழில் வாகன நிலைக் குறியீட்டைப் பாருங்கள். பழைய கார் என்றால் 2 என்று இருக்க வேண்டும். 3 என்றிருந்தால் விபத்தில் சிதைந்து மறுபடி கட்டப்பட்ட கார். விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். தனி நபரிடம் வாங்கும்போது சாலைத் தகுதிச் சான்றிதழை யார் எடுத்துத் தருவது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் மாற்றுவதற்கு அது 60 நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும்.

காப்பீட்டு விலையை முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். இத்தகைய கார்களுக்குக் கண்காணிப்புக் கருவி பொருத்த வேண்டும் என்று நிபந்தனை விதிப்பது வழக்கம், மாதத் தவணையும் கூடும். கடன் வாங்குவதாக இருந்தால் இறுதியில் பெருந்தொகை கட்டும் பலூன் முறை உங்களுக்கு ஏற்றதன்று. ஆண்டுக்கு 42,000 ஓடுகிற காரின் மதிப்பு, நீங்கள் கட்ட வேண்டிய மீதியைவிட வேகமாக இறங்கிவிடும்.

மாரிட்ஸ்பர்க் பயணி எழுதியது:

சனிக்கிழமை கோல்ஃபைப் போய்ப் பார்த்தேன். உரிமையாளர் நல்ல மனிதர், இரண்டாவது கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றத்துக்கு மட்டும் பில் இல்லை. கூடுதல் வலுவுக்காக எஞ்சின் கம்ப்யூட்டரை முன்பு மாற்றி அமைத்திருந்ததாகவும், விற்பதற்காகப் பழைய நிலைக்குத் திருப்பியதாகவும் கேட்டதும் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அவர் நேர்மையை மதிக்கிறேன். ஆனால் கூடுதல் அழுத்தத்தில் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் அந்த டர்போ உழைத்தது என்பது அவருக்கே நினைவில்லை.

திங்கட்கிழமை அதிகாலை ஸ்விஃப்டை ஓட்டிப் பார்க்க நிலையத்தார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இருக்கை மேடு நையவில்லை, நான்கு டயரும் உள்ளும் புறமும் ஒரே அளவில் தேய்ந்திருக்கின்றன, சர்வீஸ் புத்தகத்தில் இடைவெளி இல்லை. மகளின் குழந்தை இருக்கையையும் எடுத்துப் போய்ப் பின்னால் பொருத்திப் பார்க்கப்போகிறேன். பட்டறை அண்ணா, வாங்குமுன் காரை உங்கள் லிஃப்டில் ஏற்றிப் பார்க்க ஒரு மணி நேரம் தர முடியுமா? கட்டணம் எவ்வளவானாலும் தருகிறேன்.

பைன்டவுன் பட்டறை எழுதியது:

செவ்வாய் காலை ஏழு மணிக்குக் கொண்டுவாருங்கள், தம்பி. எஞ்சினை ஆறவிட்டு, பிளக் நான்கையும் கழற்றிப் பார்க்க வேண்டும்.