பொருள்: ஜிக்சாவுக்குத் தமிழில் ஒரு சொல் – வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

ஏற்காட்டிலிருந்து:

வணக்கம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பழைய ஓவியங்களை அட்டையில் ஒட்டி, துண்டு துண்டாக வெட்டிச் சேர்க்கும் பெட்டிகள் செய்கிறோம். முதல் படம் ராயக்கோட்டை. 1792இல் ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் தெற்கே வந்தபோது வரைந்த மலைக்கோட்டை. 1965இல் தர்மபுரி தனியாகப் பிரியும்வரை அது நம் சேலம் மாவட்டம்தானே, அதனால் அதை எடுத்தோம். மூடியில் போட ஒரு பெயர் வேண்டும். ‘படப்புதிர்’ என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் படத்தைக் காட்டி விடை கேட்கும் விளையாட்டையும் பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள். செவ்வாய்ப்பேட்டை அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும்.

சூரமங்கலத்திலிருந்து:

டீச்சர், ஜிக்சா என்றே போடுங்க. கடையில் போய் அப்படித்தான் கேட்கிறோம். பஸ், பேனா எல்லாம் தமிழாகிவிட்டன, இதுவும் ஆகட்டும்.

அஸ்தம்பட்டியிலிருந்து:

தம்பி, பேனாவுக்குச் சொன்னது இதற்குப் பொருந்தாது. ஜிக்சா என்பது அந்தப் பொருளின் பெயரே அல்ல, ஒரு ரம்பத்தின் பெயர். லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் 1760களில் நாட்டு வரைபடத்தை மகாகனிப் பலகையில் ஒட்டி, எல்லைக்கோடு போகிற வழியே அறுத்துப் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுக்க விற்றார். அப்போது அதைக் ‘கூறாக்கிய வரைபடம்’ என்ற பொருளில்தான் அழைத்தார்கள். ரம்பத்தின் பெயர் நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து வந்து ஒட்டிக்கொண்டது. இப்போது அட்டையை அச்சு வைத்து அழுத்தி வெட்டுகிறார்கள், ரம்பம் எங்கே இருக்கிறது?

சரி, அறுத்தலையே பெயராக வைப்பதென்றால் நம்மிடம் இதைவிட நல்ல வினை உண்டு. சங்கப் பாடலில் ‘அரம்போழ் அவ்வளை’ என்று வருகிறது. சங்கை அரத்தால் போழ்ந்து செய்த அழகிய வளையல். போழ்தல் என்றால் பிளத்தல், கூறாக்குதல். ஆகவே ‘போழ்படம்’. வினைத்தொகை, ஐந்தே எழுத்து. ரம்பத்தைக் குறிக்கும் ஈர்வாள் என்ற சொல்லிலிருந்து ‘ஈர்படம்’ என்றும் வரும். புதிர் என்ற பொருளும் வேண்டுமென்றால் தொல்காப்பியர் செய்யுளியலில் சொல்லும் ‘பிசி’ இருக்கிறது: ‘படப்பிசி’.

ஏற்காட்டிலிருந்து:

ஐயா, போழ்படம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், ‘போல்படம்’ என்று திரும்பி வந்தது. ஈர் என்றதும் தலையில் கை வைத்தார்கள். பிசி என்றால் வேலையாக இருக்கிறோம் என்று அர்த்தமாம்.

அப்புறம் மாதிரிப் பெட்டியைக் கொட்டிவிட்டு ஓரமாக நின்று கேட்டேன். 48 துண்டு. கோட்டையை விட்டுவிட்டு முதலில் மூலைகளைத் தேடினார்கள். ஒரு பெண் வானத்துத் துண்டு ஒன்றை நான்கு பக்கமும் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாள். துண்டில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை அவர்கள் ‘காது’ என்கிறார்கள். “இதுக்கு ஒரு பக்கம் காதே இல்ல டீச்சர், அப்ப இது ஓரம்” என்றாள். அரை மணி நேரத்தில் வெட்டு, துண்டு என்று ஒருவரும் பேசவில்லை. பொருந்துதா, பொருந்தல, இது மட்டுந்தான்.

அம்மாப்பேட்டையிலிருந்து:

அப்படியானால் ‘பொருத்துப்படம்’. வெட்டுவது செய்கிறவர் வேலை, பொருத்துவது விளையாடுகிறவர் வேலை. பெட்டியை வாங்குவது விளையாடுகிறவர்தானே.

சூரமங்கலத்திலிருந்து:

தேர்வில் ‘பொருத்துக’ என்று வருமே, அண்ணா. பிள்ளைகள் அதை நினைத்துப் பயந்துவிடுவார்கள்.

அஸ்தம்பட்டியிலிருந்து:

அதைவிட முக்கியம், ஒற்று. ‘பொருத்து’ என்பதைப் பெயராகக் கொண்டால் வன்தொடர்க் குற்றியலுகரம், ப் மிகும். வினைத்தொகையாகக் கொண்டால் மிகாது: பொருத்திய படம், பொருத்துகின்ற படம், பொருத்தும் படம். ஊறுகாயில் க் போடுகிறோமா? இந்தச் சொல்லையே வைப்பதென்றால் ‘பொருத்துபடம்’ என்பதுதான் சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்த காலத்தில், 1916இல், அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே ஒரு கழகம் தொடங்கினார். அன்றைக்கு இந்த வேலைக்குப் பெயர் பரிபாஷை. இன்று கலைச்சொல் என்கிறோம், யாருக்கும் கடினமாகத் தெரியவில்லை. போழ்படமும் பத்து வருடம் புழங்கினால் அப்படித்தான் ஆகும். புரியவில்லை என்று முதல் நாளே கைவிட்டால் எந்தச் சொல்லும் வேரூன்றாது.

அம்மாப்பேட்டையிலிருந்து:

ஐயா, டீச்சருக்குப் பத்து வருடம் இல்லை, நாளை மறுநாள்தான் இருக்கிறது. ப் இல்லாமலே எனக்குச் சம்மதம்.

சூரமங்கலத்திலிருந்து:

எனக்கும் சரி. அடைப்புக்குறிக்குள் ஜிக்சா என்று மட்டும் சேர்த்துவிடுங்க.

ஏற்காட்டிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. ‘பொருத்துபடம் (ஜிக்சா) – ராயக்கோட்டை – 48 துண்டுகள்’ என்று அனுப்பிவிட்டேன். அச்சகத்தில் ‘ப் விட்டுப்போச்சுங்களா’ என்று இரண்டு முறை கேட்டார்கள், வேண்டாம் என்று எழுதியே கொடுத்தேன். அடுத்து விளையாட்டுக் குறிப்பு எழுத வேண்டும். ‘காது’ என்றே எழுதப் போகிறேன். அது போய்ப் பொருந்தும் பள்ளத்துக்குப் பிள்ளைகளிடமும் பெயர் இல்லை. யாரிடமாவது இருக்கிறதா?

அஸ்தம்பட்டியிலிருந்து:

‘பொளி’ என்று வைக்கலாமா பாருங்கள். பொளித்தல் என்றால் துளைத்தல். போழ்படத்தை நான் விடவில்லை, என் குறிப்பேட்டில் அப்படியேதான் எழுதி வைத்திருக்கிறேன்.