ஒழுங்கைக் குறூப்: சேர் கேக்கிற புத்தகம்

வதனி அக்கா: சேர், கண் ஒப்பரேசனுக்குப் பிறகு கொஞ்ச நாள் வாசிக்கக் கூடாது எண்டவையெல்லோ. பொழுது எப்பிடிப் போகுது?

மகேந்திரன் சேர்: கேக்கிறன் பிள்ளை. லிப்ரிவொக்ஸ் எண்டு ஒரு தளம், 2005இலை தொடங்கினது. காப்புரிமை முடிஞ்ச புத்தகங்களை ஆக்கள் சம்பளம் வாங்காமல் வாசிச்சுப் போடினம். எங்களுக்கும் ஒரு சதம் செலவில்லை. இப்ப கில்பேட் வைற்றின்ரை செல்போர்ண் புத்தகம் ஓடுது. 1789இலை வந்தது.

ராசன் அண்ணை: ஆர் சேர் அவர்?

மகேந்திரன் சேர்: இங்கிலாந்திலை ஹாம்ப்ஷயர் பக்கம் செல்போர்ண் எண்ட கிராமத்துப் பாதிரியார். தன்ரை ஊரிலை பாத்த குருவி, பூச்சி, மழை, பனி எல்லாத்தையும் ரெண்டு அறிஞருக்குக் கடிதமா எழுதினவர். கடிதம் எண்டபடியால் காதுக்கு நல்லாப் பொருந்துது. ஆரோ பக்கத்திலை இருந்து கதைக்கிற மாதிரி.

துஷி: இங்கிலிஸ் கடுமையோ சேர்? டேட்டாவும் நிறையப் போகுமோ?

மகேந்திரன் சேர்: சில சொல்லு பழசுதான். வேகத்தைக் குறைச்சுப் போட்டுக் கேள். குட்டன்பேர்க் தளத்திலை அதே புத்தகம் எழுத்திலையும் சும்மா கிடக்கு, திறந்து வைச்சுக்கொண்டு கேட்டால் விளங்கும். பகுதி பகுதியா இறக்கி வைச்சிட்டால் பிறகு டேட்டா தேவையில்லை.

மகேந்திரன் சேர்: உதைக் கேள் துஷி. பாக்க ஒரே மாதிரி இருக்கிற சின்னக் குருவியள். அதுகளை மூண்டு இனமெண்டு அவர் பிரிச்சது சத்தத்தை வைச்சு. 1768இலை எழுதுறார். காதாலை கண்டுபிடிச்சதை நான் காதாலை கேக்கிறன், எவ்வளவு சந்தோசம் தெரியுமே!

பவானி ரீச்சர்: ஆறுமணிக் குருவியை நாங்களும் சத்தத்தாலைதானே அறியிறம். ஐப்பசியிலை வேலிக்குப் பின்னாலை கூப்பிட்டால் வந்திட்டுது எண்டு அம்மா சொல்லுவா.

துஷி: வயரிலை வரிசையா இருக்கிற தகைவிலான் பற்றி இருக்கோ சேர்?

மகேந்திரன் சேர்: நிறைய! குளிருக்கு அதுகள் எங்கை போகுது எண்ட கேள்வி அவரை விடவேயில்லை. சிலது ஊரிலையே ஒளிச்சுக் கிடந்து உறங்குதோ எண்டும் யோசிக்கிறார். அங்கத்தையது ஆபிரிக்காவுக்குப் போறது. எங்கடை வயரிலை இருக்கிறது ஆசியாவின்ரை வடக்கிலை இருந்து வாறது. தனக்குத் தெரியாததைத் தெரியாது எண்டே எழுதி வைச்ச மனுசன், அதாலை எனக்குப் பெரிய மரியாதை.

பவானி ரீச்சர்: கரண்ட் போட்டுது. பிறகு வாறன்.

ராசன் அண்ணை: தோட்டக்காரருக்கு ஏதும் சொல்லியிருக்கிறாரோ?

மகேந்திரன் சேர்: மண்புழு, ராசன்! 1777இலை எழுதின கடிதம். மண்ணைத் துளைச்சு இளக்கி, மழைத்தண்ணியும் வேரும் இறங்க வழி விடுதாம். இலை தண்டை உள்ளுக்கை இழுக்குதாம். எச்சம் பயிருக்குப் பசளையாம். புழு இல்லாட்டி நிலம் இறுகி மலடாப் போகும் எண்டுறார். டார்வின்ரை மண்புழுப் புத்தகம் வந்ததே 1881இலைதான்.

ராசன் அண்ணை: அப்பு தோட்டம் செய்யேக்கை ஒரு மழைக்கு வரம்பெல்லாம் புழு நெளியும் சேர். இப்ப வெங்காயத் தறையைக் கொத்தினால் ஒண்டையும் காணேலாது. மருந்தடிச்சு மருந்தடிச்சு எங்கடை செம்மண்ணை என்ன செய்து வைச்சிருக்கிறம்.

ராசன் அண்ணை: அந்தக் கடிதத்தைத் தமிழிலை சொல்லி ஒரு வொய்ஸ் போடுங்கோ. தோட்டக்காரற்றை குறூப்பிலையும் போடுவன்.

மகேந்திரன் சேர்: இண்டைக்கே சொல்லுறன். துஷி, நீ வந்து அந்தப் பக்கத்தை ஒருக்கால் வாசிச்சுக் காட்டு. ஒரு சொல்லும் பிழைக்கக் கூடாது.

துஷி: ஏழு மணிக்கு வாறன் சேர்.