புதுப்பிப்பு: பொன்னுக்கு வீங்கிக்குப் பிறகு விந்தணு குறைந்தது, இப்போது தேறியிருக்கிறது

மார்ச்சில் இங்கே கேட்டிருந்தேன். 31 வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து வலது விதையும் வீங்கியது. 5 வாரம் கழித்து எடுத்த விந்து டெஸ்டில் மில்லிலிட்டருக்கு 60 லட்சம் விந்தணுதான், இனி குழந்தை பிறக்குமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பலித்தது, "அவசரப்பட்டு ஐவிஎஃப் (சோதனைக்குழாய் குழந்தை சிகிச்சை) போகாதீங்க, 3 மாசம் விட்டு மறுபடி பாருங்க" என்ற யோசனைதான். விந்தணு உருவாகவே ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். முதல் ரிப்போர்ட்டில் தெரிந்தது காய்ச்சலில் அடிபட்டவை. ஜூலையில் மறுபடி கொடுத்தேன். 2 கோடியே 20 லட்சம்! உலக சுகாதார நிறுவனத்தின் கீழ்வரம்பு 1 கோடியே 60 லட்சம். மனைவி அந்த வரியில் விரலை வைத்து இரண்டு தடவை படித்தாள்.

எதிர்பாராத விஷயம், முதல் சாம்பிளை வீட்டில் எடுத்து பஸ்ஸில் கொண்டுபோக ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்கணும், தாமதித்தால் விந்தணுவின் அசைவு குறைவாகக் காட்டும் என்று யாரும் அன்று சொல்லவில்லை. இந்த முறை லேபிலேயே கொடுத்தேன்.

வலது விதை கொஞ்சம் சுருங்கித்தான் இருக்கிறது. ஸ்கேனில் இடது நன்றாக இருக்கிறது. அடுத்த டெஸ்ட் அக்டோபரில்.